யார் தப்புன்னு முதல்ல கேட்காத ஆஸ்பத்திரி

பயந்துபோன ஊழியர்களை வைத்துக்கொண்டு ஒரு அரசு மருத்துவமனை எதையாவது கத்துக்க முடியுமா? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

நைட் ட்யூட்டி, விடியற்காலை நாலு மணின்னு வைங்க. நர்ஸ் ஒருத்தங்க ஒரு மாத்திரைக்குப் பதிலா இன்னொண்ணைக் கொடுத்துடறாங்க. நல்லவேளை, நோயாளிக்கு ஒண்ணும் ஆகலை. மேலிடத்துல சொல்லுவாங்களா? சொன்னா மெமோ, விசாரணை, சஸ்பென்ஷன். சொல்லலைன்னா எதுவுமே நடக்கலை! ஆனா ரெண்டு அட்டையும் ஒரே நிறத்துல, ஒரே ட்ரேயில இருந்தது யாருக்கும் தெரியாமலே போயிடும். அடுத்த வாரம் இன்னொருத்தர் அதே தப்பைச் செய்வார்.

இங்கிலாந்தின் லிவர்பூல் வட்டாரத்தில் மெர்சி கேர் என்று ஒரு என்.ஹெச்.எஸ். அமைப்பு இருக்கு. அரசுப் பணத்தில் இயங்குறது. மனநல சிகிச்சை அதோட முக்கிய வேலைகள்ல ஒண்ணு. நல்ல சிகிச்சை தர என்ன தடைன்னு ஊழியர்களைக் கேட்டப்போ, பழி நம்ம மேல விழுமோங்கற பயம்னு சொன்னாங்க. 2016-லிருந்து, விபத்துப் பாதுகாப்பு ஆய்வாளர் சிட்னி டெக்கரின் யோசனைப்படி, விசாரணையின் கேள்விகளையே மாத்தினாங்க. எந்த விதி மீறப்பட்டது, யார் மீறினது, என்ன தண்டனைன்னு கேட்கறது பழைய முறை. யாருக்குக் காயம், அவங்களுக்கு என்ன தேவை, அதைச் செய்யவேண்டிய பொறுப்பு யாருடையதுன்னு கேட்கறது புதுசு. காயம் பட்டவங்கன்னா நோயாளியும் குடும்பமும் மட்டும் இல்ல, அந்த நர்ஸும்தான். எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த இடம்.

அப்போ யாருக்கும் தண்டனையே கிடையாதா? அப்படி இல்ல. வேணும்னே நோயாளியைக் கொடுமைப்படுத்தினா நடவடிக்கை உண்டு. மத்தபடி என்ன நடந்ததுன்னு முழுசா சொல்றதும், சரிசெய்யறதில் பங்கெடுக்கறதும்தான் பொறுப்பு. தலையைக் குனிஞ்சு மெமோவை வாங்கிட்டுப் போறதைவிட இது கஷ்டம்னு தோணுது.

இதே காலத்துல அமைப்பு பெரிசாச்சு. ஆனா ஒழுங்கு நடவடிக்கைகள் வெகுவா குறைஞ்சுது. 2019-ல் வெளியான ஆய்வு, சுமார் 25 லட்சம் பவுண்டு லாபம்னு கணக்கு சொல்லுது. மனிதாபிமானம்னா காது கொடுக்காத நிர்வாகத்துக்கு இந்த எண் உதவும். ஒண்ணு, ஆய்வு ஒரே அமைப்பைப் பத்தினது. எழுதினவங்கள்ல அதோட அப்போதைய தலைமை அதிகாரியும் ஒருத்தர். அதனால எண்ணை நான் அப்படியே எடுத்துக்கலை. இவங்களைப் பத்தி 'ஜஸ்ட் கல்ச்சர்: தி மூவி'ன்னு டெக்கர் எடுத்த ஆவணப்படம் யூடியூப்ல இருக்கு, பாருங்க.