பிரவுசரில் விழாத கையெழுத்து

குமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், நெல்லை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கும் பேரூராட்சி அஞ்சுகிராமம். இதுபோன்ற ஊர்களில் சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துபவரும் சரி, ரோடு வேலையை டெண்டரில் எடுக்கும் காண்ட்ராக்டரும் சரி, அரசு இணையதளத்தில் கையெழுத்துப் போடக் கம்ப்யூட்டர் சென்டரையோ ஆடிட்டர் அலுவலகத்தையோதான் நாட வேண்டியிருக்கிறது. கையெழுத்து என்றால் பேனாவில் போடுவதல்ல. பென்டிரைவ் அளவில் ஒரு யுஎஸ்பி டோக்கன் இருக்கும். அதற்குள் அவருடைய டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அதைக் கணினியில் செருகி பின் நம்பரைத் தட்டினால் வேலை முடிய வேண்டும்.

பல நாள் முடிவதில்லை. மாதக் கணக்கு காட்டுகிறவர்களுக்கு ஜிஎஸ்டி கெடு 20ஆம் தேதி. அன்று மாலை டோக்கனைச் செருகினால், எம்சைனர் என்ற கையெழுத்து மென்பொருள் ஓடவில்லை என்று திரையில் வரும். "என்ன தம்பி, இன்னும் கையெழுத்து விழலியா?" என்று பின்னால் நிற்பவர் கேட்பார். சென்டர்காரர் அந்த மென்பொருளை மூடி, வலது பொத்தானை அழுத்தி, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உரிமையோடு மறுபடி திறப்பார். பிறகு பிரவுசரில் 127.0.0.1 என்ற எண்ணையும் அதன் பின்னால் 1585 என்ற எண்ணையும் தட்டுவார். இந்தப் பக்கம் பாதுகாப்பானதல்ல என்று பிரவுசர் எச்சரிக்கும். பரவாயில்லை, உள்ளே போ என்று அழுத்துவார். அதன் பிறகுதான் கையெழுத்து விழும்.

எச்சரிக்கையைத் தாண்டிப் போனால்தான் அரசு வேலை நடக்கும் என்று மக்களைப் பழக்கிவிட்டிருக்கிறோம். இந்தப் பழக்கத்தின் வேர் ப்ளக்-இன் காலத்தில் இருக்கிறது.

1990களின் நடுவில் பிரவுசருக்கு எழுத்தும் படமும் காட்ட மட்டுமே தெரியும். வீடியோ, விளையாட்டு, டோக்கனைப் படிப்பது எல்லாம் அதனால் ஆகாத காரியம். நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2 என்ற பிரவுசர், ப்ளக்-இன் என்ற பெயரில் வெளியிலிருந்து வரும் மென்பொருளுக்கு வாசல் திறந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஆக்டிவ்எக்ஸைக் கொண்டுவந்தது. ஃபிளாஷும் ஜாவாவும் அந்த வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவின.

கோளாறு அமைப்பிலேயே இருந்தது. வெறும் இணையப் பக்கம் பிரவுசர் போட்ட வேலிக்குள் நிற்கும். ப்ளக்-இன்னோ, கணினியில் அமர்ந்திருப்பவருக்கு என்னென்ன உரிமை உண்டோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு ஓடும். பெயின்ட் அடிக்க வந்தவரிடம் பீரோ சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போலத்தான். 2013 ஜனவரியில் ஜாவாவில் ஒரு பெரிய ஓட்டை வெளியானபோது, பிரவுசரில் ஜாவாவை நிறுத்திவிடும்படி அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையே மக்களுக்குச் சொன்னது.

அதே ஆண்டுகளில் நம் நாட்டு மின்-டெண்டர் தளங்களும் வரி தாக்கல் தளங்களும் கையெழுத்துக்கு ஜாவாவைத்தான் கேட்டன. 2014 ஜனவரியில் வந்த ஜாவா பதிப்பு, முறையான சான்று இல்லாத நிரல்களைத் தடுக்கத் தொடங்கியது. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கண்ட்ரோல் பேனலில் ஜாவாவைத் திறந்து, பாதுகாப்புப் பகுதியில் இருக்கும் விதிவிலக்குப் பட்டியலில் அந்தத் தளத்தின் முகவரியைச் சேர்ப்பது. அதுவும் பலிக்காவிட்டால் ஜாவாவின் பழைய பதிப்பையும் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரையும் கைவிடாமல் வைத்துக்கொள்வது. சென்டரின் ஒரு மூலையில் இருக்கும் அந்தப் பழைய கணினியைப் புதுப்பிக்க யாரையும் விடமாட்டார்கள்.

தென்கொரியா இதைவிட மோசமாக மாட்டிக்கொண்டது. அங்கே வங்கி வேலை, இணையக் கொள்முதல் எல்லாவற்றையும் ஆக்டிவ்எக்ஸில் கட்டியிருந்தார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகி போட்டிருந்த கோட்டைச் சீன ரசிகர்கள் வாங்க நினைத்தும் கொரியத் தளங்களில் வாங்க முடியவில்லை. 2014 மார்ச்சில் அதிபர் பார்க் கியூன் ஹே அதை ஒரு அரசுக் கூட்டத்திலேயே எடுத்துச் சொன்னார். ஆக்டிவ்எக்ஸோடு பிணைந்திருந்த டிஜிட்டல் சான்றிதழ் முறைக்குச் சட்டம் தந்திருந்த தனி இடம் 2020 டிசம்பரில்தான் நீங்கியது.

அதற்குள் பிரவுசர்கள் வாசலை அடைத்துவிட்டன. 2015 செப்டம்பரில் குரோம் பழைய ப்ளக்-இன்களைக் கைவிட்டது. 2017 மார்ச்சில் ஃபிளாஷைத் தவிர மற்றதை ஃபயர்பாக்ஸும் விட்டது. 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவும் முடிந்தது. வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் எச்டிஎம்எல்5 கைகொடுத்தது. டோக்கனுக்கு மட்டும் பிரவுசருக்குள் மாற்று வரவில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் கணினியில் தனியாக நிறுவும் எம்சைனர் போன்றவை வந்தன. கண்ட தளமெல்லாம் உள்ளே வந்து நிரல் ஓட்டிய காலத்தோடு ஒப்பிட்டால் இது மேல். ஆனால் நிறுவுவது, புதுப்பிப்பது, சரிபார்ப்பது எல்லாம் முன்போலவே சாதாரண ஆளின் தலையில்தான்.

அதனால் விளையும் ஆபத்து ஹேக்கரோடு நிற்பதில்லை. ஒரே ஒரு கணினியில்தான் கையெழுத்து விழும் என்றால், டோக்கனை அங்கேயே விட்டுவிடுவது சுலபமாகத் தோன்றும். பின் நம்பரும் ஒரு துண்டுத்தாளில் கூடவே போகும். நல்ல மனிதர், நம்பலாம் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த டோக்கனால் போடுவது சட்டப்படி உரிமையாளரின் கையெழுத்து. டெண்டரும் அதில்தான் போகும், கம்பெனிக் கணக்கும் அதில்தான் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆவது பிரிவு, அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. பயன்படுத்த இவ்வளவு சிரமமான கருவியைக் கொடுத்துவிட்டு, அதைப் பிறர் கையில் கொடுத்தாய் என்று அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

எதையும் நிறுவாமல் கையெழுத்துப் போடும் வழி 2015 முதலே இருக்கிறது. ஆதார் எண்ணோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியை வைத்துப் போடும் ஈ-சைன் சட்டப்படி செல்லும். தனிநபர் வருமான வரிக் கணக்கை ஆதார் ஓடிபியால் சரிபார்க்கும் வசதியும் அந்த ஆண்டே வந்தது. தனி உரிமையாளர்கள் ஜிஎஸ்டி கணக்கையும் ஓடிபியிலேயே முடிக்கலாம். கம்பெனிகளுக்குக் கொரோனா காலத்தில் தற்காலிகமாக இந்த வசதி கிடைத்தது, பிறகு நின்றுபோனது. அதை நிரந்தரமாகத் தந்திருக்க வேண்டும்.

டோக்கன் இல்லாமல் ஆகாது என்பவர்கள், டோக்கன் டிரைவரையும் கையெழுத்து மென்பொருளையும் சென்டர்காரர் உதவியோடு சொந்த லேப்டாப்பிலேயே ஒருமுறை போட்டுக்கொள்வது நல்லது. போடும்போது தொடர்புடைய அரசுத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். பழைய ஜாவா அதில் இருந்தால், வேறு எதற்கும் தேவைப்படாத பட்சத்தில் நீக்கிவிடலாம். பின் நம்பரை மற்றவர்களிடம் சொல்லியிருந்தால், டோக்கனோடு வந்த மென்பொருளில் அதை மாற்றிக்கொள்ளச் சில நிமிடங்கள் போதும்.