சிறுநீரகத்துக்கு சிகிச்சை... தடுமாறிய இதயம்! - கொரோனா ஐ.சி.யூ சொல்லித்தந்த பாடம்

கொரோனா என்றதும் மூச்சுத்திணறலும் ஆக்சிஜன் சிலிண்டரும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 2020-ல் ஐ.சி.யூ-வில் பணியாற்றிய டாக்டர்களை இன்னும் இரண்டு உறுப்புகள் பயமுறுத்தின. ஒன்று சிறுநீரகம், இன்னொன்று இதயம்.

சீனாவின் வூஹான் நகரில், ஒரு மருத்துவமனையில் அந்த ஆண்டு ஜனவரியில் சேர்ந்த 138 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஐ.சி.யூ-வுக்குப் போன 36 பேரில் 16 பேருக்கு இதயத்துடிப்பு சீரற்றுப்போயிருந்தது.

அமெரிக்காவில் 67 மருத்துவமனைகளின் ஐ.சி.யூ-க்களில் சேர்ந்த 3,099 பேரை ஆராய்ந்தபோது, 637 பேருக்கு 14 நாள்களுக்குள் டயாலிசிஸ் போன்ற சிறுநீரக சிகிச்சை தேவைப்பட்டிருந்தது. அவர்களில் 350 பேர் 28 நாள்களுக்குள் இறந்துபோனார்கள்.

என்ன தொடர்பு?

சிறுநீரகத்தையும் இதயத்தையும் இணைக்கும் முக்கியமான கண்ணி, பொட்டாசியம். இதயம் துடிப்பதற்கான மின்சார சிக்னல் இந்த உப்பைச் சார்ந்தே இயங்குகிறது. ரத்தத்தில் இதன் அளவு சுமார் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தால் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கும். அளவு மிகவும் கூடினால் இதயம் நின்றேபோகலாம்.

அதை வெளியேற்றத்தான் டயாலிசிஸ். ஆனால், பொட்டாசியம் வேகமாகக் குறைந்தாலும் துடிப்பு தடுமாறும். தவிர, வழக்கமான டயாலிசிஸ் சுமார் நான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். ரத்த அழுத்தம் சரிந்துகிடக்கும் நோயாளியின் உடல் அந்த வேகத்தைத் தாங்காது. எனவே, அவர்களுக்கு 24 மணி நேரமும் மெதுவாக ஓடும் இயந்திரத்தைப் பொருத்துவார்கள். நாள்கணக்கில் ஓடும்போது இதிலும் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் ஆகியவை தேவைக்குக் கீழே போய்விடலாம்.

கொரோனா தந்த கூடுதல் சிக்கல்

கொரோனா நோயாளிகளின் ரத்தம் எளிதில் உறைந்தது. டயாலிசிஸ் ஃபில்டர்கள் அடிக்கடி அடைத்துக்கொண்டன. ஒவ்வொரு முறை இயந்திரம் நிற்கும்போதும் பொட்டாசியம் மறுபடி ஏறத் தொடங்கும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், அசித்ரோமைசின் போன்ற மருந்துகளும் துடிப்பைப் பாதிக்கக்கூடியவை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றி 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தபோது, சிறுநீரக பாதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம் என்றும் குறிப்பிட்டது. இவற்றுடன் ஆக்சிஜன் குறைவும் உடல் முழுக்கப் பரவிய அழற்சியும் சேர்ந்துகொண்டன. அதனால், துடிப்புத் தடுமாற்றத்துக்கு டயாலிசிஸை மட்டும் குறைசொல்ல முடியாது.

நியூயார்க்கில் அந்த ஆண்டு வசந்த காலத்தில் இயந்திரங்களுக்கும், அதற்கான திரவத்துக்கும், பயிற்சிபெற்ற நர்ஸ்களுக்கும் தட்டுப்பாடு வந்தது. வயிற்றுக்குள் திரவம் செலுத்தி ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறையைக்கூட சில மருத்துவமனைகள் கையில் எடுத்தன.

குடும்பத்தினர் என்ன செய்யலாம்?

ஐ.சி.யூ-வில் இருப்பவருக்கு டயாலிசிஸ் தேவை என்றால் மறுக்க வேண்டாம். அது பல நேரங்களில் உயிர்காக்கும் சிகிச்சை. 'இன்றைக்கு பொட்டாசியம் எவ்வளவு, துடிப்பு சீராக இருக்கிறதா, ஏற்கெனவே சாப்பிட்ட மாத்திரைகள் தொடர்கின்றனவா?' என்று டாக்டரிடம் கேட்கலாம். வீட்டில் சாப்பிட்டுவந்த இதய மாத்திரைகளின் பெயர்களை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சிறுநீரகம் பழுதாகி வீட்டிலிருந்து டயாலிசிஸுக்குப் போய்வருபவர்களிடம் இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதும் இதே பொட்டாசியத்துக்காகத்தான். அது சிறுநீரகத்துக்கான பத்தியம் மட்டுமல்ல, இதயத்துக்கான காவலும்கூட!