லவுண்ட்ஸ் மக்களும் ஓட்டுரிமையும்

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்ற மாநிலம் இருக்கிறது. அதில் ஒரு மாவட்டத்தின் பெயர் லவுண்ட்ஸ். மாவட்டத்தை அந்த நாட்டில் 'கவுண்டி' என்று சொல்வார்கள். லவுண்ட்ஸ் 1830இல் உருவானது. அதன் தலைநகரம் ஹெய்ன்வில் என்ற சிறிய ஊர். வடக்கு எல்லையில் அலபாமா ஆறு ஓடுகிறது.

கறுப்பு மண்

இங்கே பல இடங்களில் மண் கறுப்பாக இருக்கும். நம் கரிசல் மண்ணைப் போலவே இதிலும் பருத்தி நன்றாக விளையும். பருத்தி பயிரிட வெள்ளைக்காரப் பண்ணையார்கள் வந்தார்கள். கறுப்பின மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். அவர்களுடைய முன்னோர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள்.

1865இல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் பண்ணையார்களிடமே இருந்தது. கறுப்பின மக்கள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விளைச்சலில் ஒரு பங்கு பண்ணையாருக்குப் போனது.

படிப்பைக் காட்டித் தடை

1870இல் கறுப்பின ஆண்களுக்கும் ஓட்டுரிமை உண்டு என்று நாட்டின் சட்டம் சொன்னது. ஆனால் 1901இல் அலபாமா ஒரு தந்திரம் செய்தது. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். எழுதப் படிக்கவும் தெரிய வேண்டும். யார் தேறினார்கள் என்று முடிவு செய்தவர்கள் வெள்ளைக்கார அதிகாரிகள். நன்றாகப் படித்த கறுப்பினத்தவரையும் தேறவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

1960இல் லவுண்ட்ஸில் சுமார் 15,000 பேர் இருந்தார்கள். பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். ஆனால் 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர் பெயர்கூட ஓட்டர் பட்டியலில் இல்லை.

மக்கள் எழுந்தார்கள்

1965 மார்ச் மாதம் செல்மா நகரிலிருந்து மான்ட்கோமரி நகருக்கு ஒரு பெரிய ஊர்வலம் போனது. மார்ட்டின் லூதர் கிங் அதற்குத் தலைமை தாங்கினார். ஊர்வலம் லவுண்ட்ஸ் வழியாகத்தான் போனது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது. படிப்புத் தேர்வு நின்றது. லவுண்ட்ஸ் மக்கள் பெயரைப் பதியத் திரண்டு வந்தார்கள்.

பண்ணையார்களுக்குக் கோபம் வந்தது. பெயர் பதிந்த பல குடும்பங்களை வீட்டை விட்டு விரட்டினார்கள். அவர்கள் சாலை ஓரத்தில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். மழையும் குளிரும் வாட்டியது. ஆனாலும் அவர்கள் ஊரை விட்டுப் போகவில்லை.

கருஞ்சிறுத்தைச் சின்னம்

அவர்கள் சொந்தமாக ஒரு கட்சி தொடங்கினார்கள். எழுத்தறியாதவர்களுக்காக ஒரு சின்னம் வேண்டும். கருஞ்சிறுத்தையைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் நாட்டிலும் 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மக்கள் சின்னம் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள்.

1966 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. மக்கள் தளரவில்லை. 1970இல் அவர்களுடைய தலைவர் ஜான் ஹியூலெட் வெற்றி பெற்றார். மாவட்டக் காவல் தலைவர் ஆனார். ஒரு காலத்தில் அவருக்கே ஓட்டு இல்லை!

இன்று

1900இல் இங்கே 35,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். பிழைப்புத் தேடிப் பலர் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 2020 கணக்கெடுப்பில் 10,311 பேர்தான் இருந்தார்கள். வறுமை இன்னும் தீரவில்லை. களிமண்ணில் தண்ணீர் எளிதில் இறங்காது. அதனால் பல வீடுகளில் கழிவுநீர் வெளியே தேங்குகிறது. அதற்கும் மக்கள் குரல் கொடுத்து வருகிறார்கள்.

ஆனால் ஒன்று மாறிவிட்டது. லவுண்ட்ஸில் ஓட்டுப் போட இன்று யாரும் படிப்புத் தேர்வு எழுத வேண்டியதில்லை.