படகில் ஆன்டெனாவை எங்கே பொருத்துவது?

கொச்சியின் மட்டாஞ்சேரிப் பகுதியில் கொச்சங்காடி இருக்கிறது. சற்றுத் தள்ளி தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம். அங்கே மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும். குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை ஊர் மீனவர்கள் பலர் இங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகிறார்கள்.

கடலில் பல நாள் கரை தெரியாது. அப்போது படகில் துணை இரண்டு. ஒன்று வயர்லெஸ். அது பேச உதவும். இன்னொன்று ஜி.பி.எஸ். படகு எங்கே நிற்கிறது என்று அது காட்டும்.

இரண்டுக்கும் ஆன்டெனா வேண்டும். ஆன்டெனா கருவியின் காது. வயர்லெஸ்ஸுக்கு அதுவே வாயும் கூட. விலை உயர்ந்த கருவி வாங்கலாம். ஆன்டெனாவைத் தவறான இடத்தில் வைத்தால் பயன் இல்லை.

ஒக்கி தந்த பாடம்

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் வீசியது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மீனவர்கள் பலர் உயிரிழந்தார்கள். கரையில் தந்த எச்சரிக்கை, தூரத்தில் இருந்த பல படகுகளை எட்டவில்லை.

கரை வயர்லெஸ் அத்தனை தூரம் எட்டாது. செய்தி படகுக்குப் படகு கைமாறித்தான் போக வேண்டும். அதற்கு ஒவ்வொரு படகின் ஆன்டெனாவும் சரியாக இருக்க வேண்டும்.

வயர்லெஸ்: உயரம் வேண்டும்

படகு வயர்லெஸ்ஸின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. தூரம் போகப் போகக் கடல் வளைந்து இறங்கும். எதிரே உள்ள படகு அந்த வளைவுக்குக் கீழே மறைந்துவிடும். பனைமரத்தில் ஏறினால் அதிக தூரம் தெரியும் அல்லவா? ஆன்டெனாவுக்கும் அதே கதைதான்.

இரண்டு படகுகளிலும் ஆன்டெனா நீர்மட்டத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில் இருந்தால், சுமார் 16 கிலோமீட்டர் வரை பேசலாம். 9 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 25 கிலோமீட்டர். கருவி அதே கருவிதான். உயரம்தான் வேறு.

ஆகவே வயர்லெஸ் ஆன்டெனாவைக் கம்பத்தின் உச்சியில், செங்குத்தாக நிறுத்த வேண்டும். இரும்புக் கம்பத்தை ஒட்டிக் கட்டக் கூடாது. இரும்பு அலையை மறைக்கும். உச்சியில் இடம் இல்லையா? கம்பத்திலிருந்து விலக்கிக் கை நீட்டியது போல ஒரு தாங்கி வைத்துப் பொருத்தலாம். வலை தூக்கும் கயிறு அதில் சிக்கக் கூடாது.

மிக நீளமான ஆன்டெனா எப்போதும் நல்லது என்று எண்ண வேண்டாம். அது அலையைத் தட்டையாக, ஒடுக்கமாக வீசும். சின்னப் படகு அதிகம் ஆடும். படகு சாயும்போது அலை ஒரு பக்கம் வானத்துக்கும் மறுபக்கம் தண்ணீருக்கும் போய்விடும். சின்னப் படகுக்கு நடுத்தர ஆன்டெனாவே ஏற்றது.

ஜி.பி.எஸ்.: வானம் தெரிய வேண்டும்

ஜி.பி.எஸ். செய்தி சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து வருகிறது. இன்னும் ஐந்து மீட்டர் ஏற்றி வைப்பதால் லாபம் இல்லை. நஷ்டம் உண்டு. படகு ஆடும்போது கம்பத்தின் உச்சி அதிகமாக வீசி ஆடும். அதனால் கருவி காட்டும் வேகமும் திசையும் தடுமாறும்.

ஜி.பி.எஸ். ஆன்டெனாவைக் கேபின் கூரைமேல் தாழ்வாக வைப்பதே நல்லது. எல்லாப் பக்கமும் வானம் தெரிய வேண்டும். மேலே இரும்புத் தகடு இருக்கக் கூடாது. வயர்லெஸ் ஆன்டெனாவிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். படகில் ராடார் இருந்தால், அதன் அலை வீசும் மட்டத்தில் வைக்கக் கூடாது. நாவிக் கருவியின் ஆன்டெனாவுக்கும் திறந்த வானம் வேண்டும்.

கேபிளைக் கவனியுங்கள்

உப்புத் தண்ணீர் கேபிளுக்குப் பகை. இணைப்பில் தண்ணீர் இறங்கினால் செம்பு பச்சை பூத்துவிடும். பேச்சு மங்கும். எனவே இணைப்பை ரப்பர் டேப்பால் இறுகச் சுற்ற வேண்டும். கேபிளைக் கதவிடுக்கில் நசுக்கக் கூடாது. கூர்மையாக மடிக்கவும் கூடாது. வயர்லெஸ் கேபிள் தேவைக்கு மேல் நீளமாக இருக்க வேண்டாம்.

ஆன்டெனா இணைக்காமல் வயர்லெஸ்ஸில் பேசக் கூடாது. கருவி கெட்டுப்போகும். ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. அதனால் வயர்லெஸ் கருவியைத் திசைகாட்டிக்கு அருகில் வைக்கக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் கம்பத்தையும் ஆன்டெனாவையும் தொடக் கூடாது.

புறப்படும் முன் சோதனை

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வேறொரு படகைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் படகு போதாது. சில கிலோமீட்டர் தள்ளி உள்ள படகாக இருக்க வேண்டும். சேனல் 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது. அதில் அழைத்துவிட்டு வேறு சேனலுக்கு மாறிப் பேச வேண்டும்.

ஆபத்து வந்தால் மூன்று செய்தி சொல்ல வேண்டும். படகின் பெயர் என்ன? எந்த இடத்தில் நிற்கிறது? எத்தனை பேர் இருக்கிறார்கள்? இடத்தை ஜி.பி.எஸ். சொல்லும். அதை வயர்லெஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஒன்று பழுதானாலும் தேடி வருபவர்களுக்குச் சிரமம். தொலைபேசி எட்டும் இடத்தில் கடலோரக் காவல் படையின் எண் 1554.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊர்ப் படகுகளில் வயர்லெஸ் ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?
2. ஜி.பி.எஸ். ஆன்டெனாவை ஏன் கம்பத்தின் உச்சியில் வைப்பதில்லை?
3. கேபிள் இணைப்பைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?