உங்களுக்குத் தெரியுமா? மடியைக் காக்கும் மஞ்சள், கற்றாழை, கடற்பாசி!

பால் கறந்து முடித்ததும் காம்பின் துளை உடனே மூடிக்கொள்வதில்லை. அரை மணி நேரத்துக்கு மேலாகவும் திறந்தே கிடக்கும்! மடிநோய்க் கிருமி உள்ளே புகுவது அந்த வாசலால்தான்!

அந்தத் துளையின் நீளம் எவ்வளவு தெரியுமா? ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்! உங்கள் சுண்டுவிரல் நகத்தளவுதான்!

கறந்த கையோடு புல்லைப் போட்டுப் பாருங்கள். மாடு தின்றபடி நிற்கும், படுக்காது. துளை மூடும்வரை சாணியும் சேறும் காம்பில் ஒட்டாது. மேலதிகச் செலவு? 0 ரூபாய்!

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வாய் குறுகல், உள்ளே விசாலம். எருமையின் காம்பும் அப்படித்தான்! துளையைச் சுற்றிய தசை பசுவுக்கு இருப்பதைவிட இறுக்கம். அதனால் பசுவை விட எருமைக்கு மடிநோய் குறைவு! கிண்ணியா எருமைத் தயிருக்கு இப்படியும் ஒரு காவல்!

மடி ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? இல்லை, நான்கு! பசுவின் நான்கு காம்புகளுக்கும் நான்கு தனித்தனி அறைகள். ஒன்றின் பால் அடுத்ததற்குள் போகவே போகாது! நோயை ஒரு காம்பிலிருந்து மற்றதற்குக் கடத்துவது பெரும்பாலும் கறப்பவரின் கைதான்!

1 லீற்றர் பால் சுரக்க மடி வழியே ஓடும் இரத்தம் 400 முதல் 500 லீற்றர்!

கறந்ததும் காம்பை முக்கி எடுக்கும் மருந்துகளில் உலகெங்கும் பேர்போனது அயடீன். அது முதலில் எதில் அகப்பட்டது தெரியுமா? கடற்பாசிச் சாம்பலில்! 1811இல் பிரான்சின் பெர்னார்ட் கூர்துவா ஊதா நிறப் புகையாக அதைக் கண்டார்!

காம்பை முக்கி எடுத்த கிண்ணத்தில் மிஞ்சியதை மறுபடி போத்தலில் ஊற்றாதீர்கள்! சாணியும் பாலும் கலந்தால் அயடீன் வலுவிழந்துவிடும்!

தயிரைப் புளிக்க வைப்பது லக்டிக் அமிலம். காம்பு முக்கும் மருந்துகள் சிலவற்றில் கிருமியைக் கொல்வதும் அதே அமிலம்தான்!

பாலில் வாழும் ஒரு நல்ல கிருமி, கெட்ட கிருமிகளைக் கொல்லத் தானே ஒரு மருந்து சுரக்கிறது. பெயர் நைசின். கண்டுபிடித்த ஆண்டு 1928! காம்பு துடைக்கும் ஈரத்துணியிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது!

கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம்! அரைத்து, நீர் கலந்து, கழுவிய மடியில் பூச வேண்டும். ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள்! தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மடிநோய் மருந்து இது. இந்தியாவின் தேசியப் பால்வள வாரியமே இதைக் கையில் எடுத்தது!

மஞ்சள் அரைத்தோமே, விழுது ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவந்துவிடும். நம் வீட்டு ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதேதான்!

அன்ரிபயோட்டிக் ஊசி போட்ட மாட்டின் பாலுக்கு உறை ஊற்றிப் பாருங்கள். தயிர் சரியாக உறையாமல் போகும்! உறைமோரில் இருக்கும் நல்ல கிருமியையும் மருந்து கொன்றுவிடுகிறது. வைத்தியர் சொன்ன நாள் முடியும்வரை அந்தப் பால் சட்டிக்கும் வேண்டாம், பிள்ளைக்கும் வேண்டாம்!

சில வேளை மடி வீங்காது, பால் திரியாது, ஆனாலும் உள்ளே நோய் இருக்கும்! கண்டுபிடிக்க நான்கு குழிகள் உள்ள ஒரு தட்டும் சவர்க்காரம் போன்ற ஒரு திரவமும் போதும். நோயுள்ள பால் அந்தத் தட்டிலேயே கூழாகத் திரளும்! கலிபோர்னியாவில் இந்தச் சோதனை வந்த ஆண்டு 1957!

பட்டி வைத்திருப்பவர்களே, மடி கல்லாகிக் காய்ச்சலும் கண்டால் விழுது அரைத்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். மற்ற நாளெல்லாம் கறந்ததும் காம்பை மருந்தில் முக்கி எடுங்கள். ஒரு மாட்டுக்கு அரை நிமிடம்கூட ஆகாது!