காதலர் பிணக்கும் மன ஆரோக்கியமும்

1898-இல் பெங்களூரின் தண்டுப் பகுதியைப் பிளேக் நோய் உலுக்கிய பின்னர், நெருக்கமான சந்துகளில் அடைபட்டுக் கிடந்த ஜனங்கள் காற்றும் வெளிச்சமும் பெற்று வாழவேண்டும் என்ற நோக்கத்துடன் நிர்மாணிக்கப்பட்டு, ஸ்டூவர்ட் பிரேசர் என்ற ஆங்கில அதிகாரியின் பெயரைச் சூடிக்கொண்ட பிரேசர் டவுனில், இன்று உத்தியோக நிமித்தம் வந்து பி.ஜி. விடுதிகளில் ஓர் அறையை இருவரும் மூவருமாகப் பகிர்ந்துகொள்ளும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும், காதலிக்க இடம் கிடைத்தாலும் சண்டையிட இடம் கிடைப்பதில்லை. ஆகவே மனஸ்தாபம் வாட்ஸ்அப்பில் நடந்தேறுகிறது. குரலின் கனிவோ முகத்தின் தயக்கமோ அங்கே புலப்படாது; நீல டிக் விழுந்தும் பதில் வராத ஒரு மணி நேரம் குற்றப்பத்திரிகையாகவே வாசிக்கப்படுகிறது.

அமெரிக்காவின் வாஷிங்டன் சர்வகலாசாலையில் மனோதத்துவ அறிஞர் ஜான் காட்மன், தம்பதிகளைத் தர்க்கிக்கச் செய்து, அவர்களுடைய பேச்சையும் முகபாவத்தையும் நாடித்துடிப்பையும் பல ஆண்டுகள் பதிவு செய்து ஆராய்ந்தபோது, நன்றாக வாழ்பவர்களும் சண்டையிடவே செய்கிறார்கள் என்பதைக் கண்டார். உறவை அரிப்பவை என அவர் சுட்டியவை நான்கு: சுபாவத்தையே பழித்தல், ஏளனம், எதற்கும் தற்காப்பு வாதம், முகங்கொடாத மௌனம். இவற்றுள் ஏளனமே கொடியது என்பது அவர் துணிபு. மணமானவர்களை வைத்துக் கண்டதைக் காதலர்களுக்கு அப்படியே பொருத்திவிடலாகாது என்றாலும், சினம் உடம்பில் செய்யும் விகாரம் இருசாராருக்கும் பொதுவானதே. நாடி நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டித் துடிக்கும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் புத்தியில் ஏறுவதில்லை. அது தணியக் குறைந்தது 20 நிமிஷமாவது வேண்டும். எனவே விலகியிருப்பது தவறன்று. ஆனால், “இப்போது என்னால் பேச முடியவில்லை, ஒன்பது மணிக்கு நானே கூப்பிடுகிறேன்” என்று சொல்லி விலகுவது வேறு, சொல்லாமல் ப்ளாக் செய்துவிட்டு மூன்று நாள் தவிக்க விடுவது வேறு. முன்னது இளைப்பாறல், பின்னது தண்டனை. தண்டனை அனுபவிப்பவருக்கு உறக்கமும் பசியும் வேலையில் கவனமும் கெடுகின்றன என்பதை விடுதி அறைத்தோழர்களே சாட்சி சொல்லுவார்கள்.

திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் காதலர் பிணக்காகிய ஊடலைப் பற்றியவையே. அது அளவு கடந்தால் கெடும் என்றும் வள்ளுவர் எச்சரித்திருக்கிறார். பிரேசர் டவுனுக்கு அருகே அல்சூர் ஏரிக்கரையில் பல்லாண்டுகள் திரைக்குள் காத்திருந்த அவருடைய சிலையே, சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலைக்கு இடமளித்துத் தமிழகமும் கர்நாடகமும் பிணக்குத் தீர்ந்து இணங்கிய பிறகுதான், 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது!

அடியும் மிரட்டலும் கைப்பேசியைப் பறித்துச் சோதிப்பதும் ஊடலில் சேரா. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணமின்றித் தம்பதிகளைப் போல ஒரே வீட்டில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு அளிக்கிறது.

துயரம் எல்லை மீறினால் தனியே சுமக்க வேண்டியதில்லை. பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸை உச்ச நிலையமாகக் கொண்டு 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.