இரத்த வகையும் உயர் இரத்த அழுத்தமும்

“எனக்கு ஓ பாசிட்டிவ் இரத்தம், பிரஷர் எப்படி வரும்?” எங்கள் புறநோயாளர் பிரிவில் அவ்வப்போது எழும் வினா இது. இதை நம்பி மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுவோர் உண்டு என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

ஏ, பி என்பவை சிவப்பணுக்களின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகளின் வேறுபாடுகளே. அவற்றை ஒட்டவைக்கும் நொதியை ஒன்பதாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு தீர்மானிக்கிறது. ஓ வகையினரிடம் அந்நொதி செயல்படுவதில்லை. இதே சர்க்கரைகள் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும், இரத்தம் உறைவதற்கு உதவும் சில புரதங்களிலும் காணப்படுகின்றன. ஆகவேதான் இரத்த வகைக்கும் இதயநோய்க்கும் தொடர்பிருக்குமோ என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு எழுந்தது.

அந்த ஐயம் வீண்போகவில்லை. அமெரிக்காவில் ஆண்கள், பெண்கள் என இரு பெரும் குழுவினரை 20 ஆண்டுகளும் அதற்கு மேலும் கவனித்து, 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஓ வகையினரைக் காட்டிலும் ஏபி வகையினருக்கு இதயத் தமனி நோய் 23 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் அது இதயத் தமனி நோயைப் பற்றியது. இரத்த அழுத்தத்தைப் பற்றியதன்று. இரண்டையும் குழப்பிக்கொள்வதே பெரும்பாலான வதந்திகளுக்கு வேர்.

இரத்த அழுத்தத்தைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஏ.சி.இ. நொதியின் அளவோடு இம்மரபணுவுக்குத் தொடர்பு தென்படுவது உண்மையே. எனலாபிரில் போன்ற மாத்திரைகள் அந்நொதியைத்தான் தடுக்கின்றன. எனினும், இரத்த அழுத்தத்தை நிர்ணயிப்பதில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்களுக்குப் பங்குண்டு. அவற்றுள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒரு புள்ளிக்கும் குறைவான மாற்றத்தையே தருகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் இதைவிட வலியவை! அழுத்தம் மிகுந்தவர் உப்பைக் கணிசமாகக் குறைத்தால் மேல் அளவு நான்கைந்து புள்ளிகள் இறங்கக்கூடும். உலக சுகாதார நிறுவனம் கூறும் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு.

தந்தைக்கு உயர் இரத்த அழுத்தம். அண்ணன் பி வகை, தங்கை ஓ வகை என்று வைத்துக்கொள்வோம். இங்கே நாங்கள் கேட்பது தந்தையைப் பற்றித்தான். இருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழுத்தத்தை அளந்துகொள்ள வேண்டும். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருங்கள். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காப்பி அருந்தாதீர்கள்.